புற்றுநோய் ஆய்வில் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு என்ன வழி? செய்திகளையும் வாய்ப்புகளையும் இங்கே பகிருங்கள்

தங்கச்சிமடம் அறிவியல் ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ராமேஸ்வரம் தீவில் உள்ள எங்கள் பள்ளியில் உயிரியல் பிரிவு எடுக்கும் பிள்ளைகளிடம் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால், மருத்துவர் அல்லது செவிலியர் என்ற இரண்டு பதில்களே வரும். சென்ற வாரம் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள், அவர்களோடு வேலை செய்ய நான் என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டாள். புகையிலையோடு வெற்றிலை போடும் வழக்கமுள்ள அவளுடைய பாட்டி வாய்ப்புற்றுநோயால் இறந்து ஓராண்டுதான் ஆகிறது. அவளுக்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் தேடிச் சேகரித்தவற்றுள் இரண்டு செய்திகள் மனத்தில் நின்றன. சென்னை ஐஐடி 2025 பிப்ரவரியில் இந்தியர்களின் புற்றுநோய் மரபணுத் தரவுத்தளம் ஒன்றை வெளியிட்டது. 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுக்களிலிருந்து 960 மரபணு வரிசைகளைப் படித்து அதைத் தொகுத்திருக்கிறார்கள். இதுவரை உலக ஆய்வாளர்கள் பயன்படுத்திய தரவுகளில் இந்தியர்கள் மிகக் குறைவாகவே இருந்ததால், நம் உடலில் வரும் நோயை நம் மரபணுவை வைத்தே ஆராய்வதற்கு இது வழி திறந்திருக்கிறது. மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி உயிரணுச் சிகிச்சை மற்றொரு செய்தி. நோயாளியின் இரத்தத்திலிருந்தே எதிர்ப்பு உயிரணுக்களை எடுத்து, புற்றணுக்களை இனங்காணும்படி அவற்றை மாற்றியமைத்து, மீண்டும் உடலுக்குள் செலுத்துகிறார்கள். 2023 அக்டோபரில் இதற்கு அனுமதி கிடைத்தது. வெளிநாட்டில் கோடிகளில் விற்கும் இந்தச் சிகிச்சை இங்கே முப்பது, நாற்பது லட்ச ரூபாய்க்குள் கிடைக்கிறது.

இத்துறையில் வேலை செய்பவர்கள் இந்தத் தளத்தில் சிலர் இருப்பதை அறிவேன். வாய்ப்புகளைச் சொல்லுங்கள், நான் தவறாக எழுதியிருந்தால் திருத்துங்கள்.

கீழக்கரை மருந்தாளுநர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் எழுதிய இரண்டும் சரியான செய்திகள்தாம். ஆனால் முப்பது லட்ச ரூபாய்ச் சிகிச்சையை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, ஆய்வு என்பது பெரும் பணம் உள்ள இடத்தில் நடப்பது என்று நினைத்துவிடும். என் கடைக்கு வரும் குடும்பங்களைப் பார்க்கும்போது, என்னை நெகிழச் செய்பவை வேறு ஆய்வுகளே.

நிவோலுமாப் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் மருந்து அது. வழக்கமான அளவு ஒரு முறைக்கு 240 மில்லிகிராம்; அந்த அளவை நம் மக்களில் மிகச் சிலரால்தான் வாங்க முடியும். டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் 20 மில்லிகிராம் மட்டும், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, விலை குறைந்த மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளில் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 16 பேர். சிறு அளவு நிவோலுமாபும் சேர்ந்தவர்களில் 43 பேர். இந்த முடிவு 2022-இல் வெளியானது. வழக்கமான அளவில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதுமா என்று கேட்கத் துணிந்ததே அந்த ஆய்வின் பெருமை. வாங்க இயலாத நோயாளிகளை நாள்தோறும் எதிரில் பார்க்கும் மருத்துவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்று அறுவைக்குச் சில நிமிடங்களுக்கு முன் கட்டியைச் சுற்றி லிடோகெய்ன் ஊசியைச் செலுத்தினால் என்ன ஆகும் என்று 1,600 பெண்களிடம் ஆராய்ந்தார்கள். பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடுவார்களே, அதே மருந்துதான். ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் ஊசி போடாத பிரிவில் நூற்றுக்கு 86 பேர், போட்ட பிரிவில் 90 பேர். நூறு ரூபாய்கூட ஆகாத மருந்து இது! 2023-இல் இந்த முடிவைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் வாப்பாவுக்கு வந்தது வேறு புற்று, காலமும் வேறு. ஆனாலும் இப்படி யாரோ ஒருவர் எங்களுக்காக யோசித்திருக்கிறார் என்ற எண்ணம் நெஞ்சை நிறைத்தது. அந்த மாணவிக்கு இவற்றையும் சொல்லுங்கள், டீச்சர்.

தேவிபட்டினம் வாசகர்

நல்ல விவாதம். நம் கடலிலேயே மருந்து இருக்கும்போது மும்பையைத் தேடிப் போவானேன் என்று எனக்குத் தோன்றுகிறது. கடல் அட்டையைக் காய்ச்சிக் குடித்தால் புற்றுக் கட்டி கரையும் என்று எங்கள் பக்கத்தில் பலரும் சொல்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அத்தனை விலை கொடுத்து அதை வாங்குவதே அதற்குச் சான்று அல்லவா? நம் ஆய்வாளர்கள் இதை ஏன் எடுத்துச் செய்யக் கூடாது?

தொண்டி, கடல்சார் ஆய்வு மாணவர்

அண்ணன் அவர்களுக்கு மரியாதையுடன் எழுதுகிறேன். கடல் அட்டை வெளிநாட்டில் விலை போவது பெரும்பாலும் விருந்து உணவாக. காய்ச்சிக் குடித்துக் கட்டி கரைந்ததாக மனிதர்களிடம் நிறுவப்பட்ட ஆய்வு எதுவும் இல்லை. 2001 முதல் எல்லாக் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், பிடிப்பதும் வைத்திருப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இந்தப் பேச்சை நம்பி நோயாளி மூன்று மாதம் கஷாயத்தில் கழித்தால், அறுவை செய்து நீக்கக்கூடிய கட்டி நீக்க முடியாத கட்டியாக மாறிவிடும். மன்னிக்கவும், இதில் மென்மையாகப் பேச என்னால் இயலவில்லை.

ஆனால் கடலில் மருந்து இருக்கிறது என்று நீங்கள் சொன்னதில் உண்மை உண்டு. இன்று அரசு மருத்துவமனைகளிலும் இரத்தப் புற்றுக்குப் பயன்படும் சைட்டரபின் மருந்துக்கான துப்பு, 1950-களின் தொடக்கத்தில் கரீபியக் கடலின் ஒரு கடற்பஞ்சில் (கடலடியில் ஒட்டி வாழும் எளிய விலங்கு) கிடைத்த வேதிப்பொருள்களிலிருந்து வந்தது. மருந்தாக அனுமதி பெற்ற ஆண்டு 1969. அலையாத்தி மரத்தின் வேர்களில் ஒட்டி வாழும் ஒரு சிற்றுயிரிலிருந்து டிராபெக்டிடின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. மார்பகப் புற்றுக்கான எரிபுலின் மருந்தின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானிய வேதியியலாளர்கள் 600 கிலோ கடற்பஞ்சைப் பிரித்தெடுத்தபோது அவர்களுக்குக் கிடைத்த மூலப்பொருள் 12.5 மில்லிகிராம். ஒரு சிறு உப்புக்கல்லின் எடை, அவ்வளவே. அந்த மூலக்கூறின் வடிவத்தைக் கண்டறிந்து, அதில் தேவையான பகுதியை மட்டும் ஆய்வகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட படிகளில் கட்டியெழுப்பிய பிறகே 2010-இல் அது மருந்தாயிற்று. ஒரு நாட்டின் மருந்துத் தேவைக்குக் கடற்பஞ்சைப் பிடித்தே கொடுப்பதென்றால் கடலே போதாது. கடல் ஒரு மூலக்கூறின் வடிவத்தைக் காட்டுகிறது. அதை மருந்தாக்குவது வேதியியலாளரின் பல ஆண்டு உழைப்பு.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். இங்கே கிடைக்கும் உயிரிலிருந்து வணிகப் பொருள் உருவானால், 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி அதன் பயனில் உள்ளூர் மக்களுக்கும் பங்கு உண்டு. படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது, மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், கடற்பாசிகளை ஆராயும் மத்திய அரசு நிலையமும் இருக்கின்றன. முதல் படியை வைக்க ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை.

சின்னப்பாலம் கல்லூரி மாணவி

அண்ணா, கடற்பாசி என்று நீங்கள் எழுதியதால் கேட்கிறேன். என் அம்மா முப்பது ஆண்டுகளாகப் பாசி எடுக்கிறார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாள்களில் மற்ற பெண்களோடு கடலுக்குள் போவார். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றையும் தண்ணீருக்குள் தடவியே சொல்லிவிடுவார். விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் பாறையிலிருந்து பிய்ப்பார். அப்படியும் கை முழுக்கக் கீறல்கள்தாம். போன பருவத்தில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் டிஎன்ஏவைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி நடந்தது. கட்டியான கூழில் மாதிரியை விட்டு மின்சாரம் பாய்ச்சினார்கள். அந்தக் கூழ் எதில் செய்தது என்று கேட்டபோது, அகார் என்று பேராசிரியை சொன்னார். அது அம்மா எடுக்கும் பாசியில் இருப்பதுதானா?

தொண்டி, கடல்சார் ஆய்வு மாணவர்

ஆம், தங்கை. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து நுண்ணுயிர்களை வளர்க்கும் தரத்திலான அகாரும், கஞ்சிப்பாசியிலிருந்து உணவுக்கான அகாரும் எடுக்கிறார்கள். அகாரைச் சுத்திகரித்தால் கிடைக்கும் அகரோஸ்தான் நீங்கள் பார்த்த கூழ். டிஎன்ஏ துண்டுகளில் சிறியவை அதன் நுண்துளைகள் வழியே வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் நகர்வதால், அவை அளவு வாரியாகப் பிரிந்து நிற்கும். கட்டக்கோரையில் அகார் இல்லை. அதிலிருந்து வருவது அல்ஜினேட் என்ற வேறொரு கூழ்ப்பொருள்.

இதைவிட நெருக்கமான தொடர்பு ஒன்று இருக்கிறது. இயல்பான உயிரணு எதையாவது பற்றிக்கொண்டால்தான் பெருகும்; பிடிப்பு இல்லாவிட்டால் செத்துவிடும். புற்றணுவுக்குப் பிடிப்பு தேவையில்லை. இந்த வேறுபாட்டைச் சோதிக்க, உயிரணுக்களை இளகிய அகாரில் மிதக்கவிட்டு இரண்டு மூன்று வாரம் காத்திருப்பார்கள். இயல்பானவை அப்படியே நின்றுவிடும். புற்றுத்தன்மை கொண்டவை சின்னஞ்சிறு உருண்டைகளாகத் திரளும். ஒரு புதிய மருந்தைச் சேர்த்த பிறகு உருண்டைகள் குறைகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பார்கள். உலகெங்கும் புற்றுநோய் ஆய்வகங்களில் பல்லாண்டுகளாக நடந்துவரும் சோதனை இது. பாசியை எடுத்த கைகளைப் பற்றி அந்த ஆய்வறிக்கைகளில் ஒரு வரியும் இருப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். அம்மாவிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

பெரியபட்டினத்துக்காரர், சென்னையில் மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர்

டீச்சர் கேட்ட வாய்ப்புகளைப் பற்றி எழுதுகிறேன், சற்று நீளும்.

ஆய்வாளராக விரும்பும் பிள்ளை உயிரியல், வேதியியல், இயற்பியல், கணினி ஆகியவற்றில் எதிலிருந்தும் இத்துறைக்கு வரலாம். முதுகலைக்குப் பின் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறினால் மாதம் 37,000 ரூபாயும், இரண்டாண்டுக்குப் பின் 42,000 ரூபாயும், அதோடு வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும். முனைவர் பட்டம் என்றால் வீட்டில் பணம் கொடுத்துப் படிப்பது என்று நம் பக்கத்துப் பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். தகுதித் தேர்வில் வென்றவருக்கு அது ஊதியம் தரும் வேலை. கல்லூரியில் இருக்கும்போதே, நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு பணிபுரியலாம். ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம், டீச்சர். டாட்டா நினைவு மையத்தின் ஆய்வுப் பிரிவு நவி மும்பையின் கார்கரில் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையமும் ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையமும் உள்ளன. கணக்கில் நாட்டமுள்ள பிள்ளைக்குச் சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பு நல்ல வழி. அதற்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை. மரபணுத் தரவுத்தளங்கள் பெருகப் பெருக, அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கான தேவையும் பெருகும்.

பலருக்குத் தெரியாத ஒரு வேலை புற்றுநோய்ப் பதிவேடு. எந்த ஊரில், எந்த வயதில், எந்த உறுப்பில், எந்தக் கட்டத்தில் நோய் கண்டறியப்பட்டது, நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்பதை மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று திரட்டும் பணி அது. 1982 முதல் சென்னையில் இது நடக்கிறது. அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஒருங்கிணைக்கும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2012 முதல் மாநிலம் முழுவதையும் கணக்கில் எடுக்கிறது. மதுரைக்கோ சென்னைக்கோ சிகிச்சைக்குப் போகும் நம் மக்கள் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடுவது வழக்கம். அப்படிக் கொடுத்தால் நம் கடற்கரையின் நோயாளி அந்த நகரத்தின் கணக்கில் ஏறிவிடுவார். சொந்த ஊர் முகவரியைச் சொல்லுங்கள். இதுவும் ஆய்வுக்குச் செய்யும் உதவிதான்.

என் குடும்பத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். என் பெரியம்மாவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் சதைப் பரிசோதனை செய்தார்கள். எடுத்த திசுவை மெழுகுக் கட்டிக்குள் பதித்து வைப்பார்கள் என்பதும், அதை நாம் கேட்டு வாங்கலாம் என்பதும் எங்களுக்குத் தெரியாது. அங்கே யாரும் சொல்லவும் இல்லை. இரண்டாண்டுக்குப் பின் நோய் திரும்பியபோது, புதிய மருந்து பொருந்துமா என்று பார்க்கப் பழைய திசு தேவைப்பட்டது. அந்த மெழுகுக் கட்டி கிடைக்கவில்லை. எழுபது வயதில் அவருக்கு மீண்டும் ஊசி குத்த வேண்டியதாயிற்று. அறிக்கைத் தாளோடு, மெழுகுக் கட்டியும் கண்ணாடிச் சில்லுகளும் எங்கே இருக்கின்றன என்பதையும் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை மருந்தாளுநர்

காக்கா, நல்ல தகவல்கள். ஒரு சந்தேகம். மருத்துவ ஆய்வில் சேரச் சொன்னால் எங்கள் பக்கத்தில் "எங்களைச் சோதனை எலியாக்குகிறார்களா?" என்று கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?

பெரியபட்டினத்துக்காரர், சென்னையில் மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர்

அந்தக் கேள்வி நியாயமானது, தம்பி. 2009-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் நடந்த கருப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசித் திட்டத்தில் பெற்றோரிடம் முறையாகச் சம்மதம் பெறவில்லை என்று நாடாளுமன்றக் குழுவே கண்டித்தது. எனவே பயத்தை அறியாமை என்று ஒதுக்காதீர்கள். இன்று ஒவ்வொரு மருத்துவ ஆய்வும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாக வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது. ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் 2019-ஆம் ஆண்டு விதிகள்படி இழப்பீடு உண்டு. கையெழுத்திடும் முன் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கச் சொல்லுங்கள். அதைக் கொடுக்கத் தயங்கும் இடத்தில் கையெழுத்திட வேண்டாம்.

மண்டபம் பகுதி கிராமச் செவிலியர்

இந்தப் பேச்சில் நானும் சேர விரும்புகிறேன். ஆய்வில் பங்கேற்ற மக்கள் என்ன சாதித்தார்கள் என்பதற்கு நம் திண்டுக்கல் மாவட்டமே சான்று. 2000-ஆம் ஆண்டு அங்கே தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்குக் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனையை, பயிற்சி பெற்ற செவிலியர்கள் செய்தார்கள். கோளாறுள்ள இடம் வெளுத்துத் தெரியும். 31,000-க்கும் மேற்பட்ட பெண்கள் சோதனைக்கு வந்தார்கள். 2007-இல் வந்த முடிவின்படி, சோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் வரும் இறப்பு 35 விழுக்காடு குறைவாக இருந்தது. செய்தவர்கள் எங்களைப் போன்ற செவிலியர்கள் என்பதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வேன். அதே மாவட்டத்தின் அம்பிளிக்கையில் உள்ள மையமும், கருப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசியில் ஒரு தவணையே போதுமா என்பதற்கு விடை தந்த இந்திய ஆய்வில் பங்கேற்றது. 2010-இல் அரசு ஆணையால் அந்த ஆய்வில் தடுப்பூசி போடுவது நின்றுபோகவே, ஒரு தவணை மட்டும் பெற்ற சிறுமிகள் பலர் இருந்தார்கள். அவர்களைப் பத்தாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்ததில் ஒன்றே நல்ல பாதுகாப்புத் தருவது தெரிந்தது. 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு தவணையையும் ஏற்றதற்கு இந்தச் சான்றும் காரணம். 2025-இல் நம் மாநில வரவுசெலவுத் திட்டத்தில் 14 வயதுச் சிறுமிகளின் தடுப்பூசிக்கு 36 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள்.

என் கவலை வேறு. ஆண்களின் வாயைப் பரிசோதிக்க நாங்கள் வீட்டுக்குப் போகும் நேரத்தில் அவர்கள் கடலில் இருப்பார்கள். கரைக்கு வந்தால் உறங்குவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில்தான் விசைப்படகுக்காரர்களைக் கரையில் பிடிக்க முடிகிறது. வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாயைத் திறக்க முடியாமை ஆகியவற்றைப் பார்ப்பதற்கு ஒரு கைவிளக்கும் இரண்டு நிமிடமும் போதும். புகையிலை சேர்க்காத பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004-இலேயே உறுதியாயிற்று. அதைச் சொன்னால்தான் இங்கே யாரும் நம்புவதில்லை.

தங்கச்சிமடம் அறிவியல் ஆசிரியை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. முழு இழையையும் அச்சிட்டு வகுப்பில் வைத்திருக்கிறேன். கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கு நானும் விண்ணப்பிக்கப் போகிறேன். கடல் அட்டையைப் பற்றிக் கேட்ட தேவிபட்டினம் ஐயாவுக்கும் நன்றி. அவர் கேட்காவிட்டால் 600 கிலோ கடற்பஞ்சின் கதை எங்களுக்குக் கிடைத்திருக்காது. பயணச் செலவைப் பற்றி இரண்டு பெற்றோர் கேட்டார்கள். புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போகும்போது ரயிலில் படுக்கை வகுப்பும் மூன்றடுக்குக் குளிர்வகுப்பும் முழு இலவசம். உடன் செல்பவருக்கு 75 விழுக்காடு தள்ளுபடி. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு தீவிலிருந்தே மீண்டும் சென்னை ரயிலில் ஏற முடிகிறது. மருத்துவமனைச் சான்று கையில் இருக்க வேண்டும்.

சின்னப்பாலம் கல்லூரி மாணவி

அம்மாவிடம் இளகிய அகார் சோதனையைச் சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, செவிலியர் அக்கா எழுதிய அந்த அமிலச் சோதனை எங்களுக்கும் கிடைக்குமா என்று கேட்டார். சோதனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் அவரோடு வரும் பெண்கள் யாரும் இதுவரை போனதில்லை. பாசி எடுக்காத நாளில், கரைக்குப் பக்கத்திலேயே வைத்தால் எல்லாரும் வருவார்கள் என்கிறார்.

மண்டபம் பகுதி கிராமச் செவிலியர்

கட்டாயம் கிடைக்கும், தங்கச்சி. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். கரையில் நடத்துவதற்கு மறைப்பான ஓர் அறை வேண்டும். பள்ளியோ சமுதாயக் கூடமோ இருந்தால் போதும். வட்டார மருத்துவ அலுவலரிடம் நாளைக்கே பேசுகிறேன். அடுத்த மாதம் அம்மாவும் மற்றவர்களும் எந்தெந்த நாள்களில் கடலுக்குப் போவதில்லை என்று கேட்டு இங்கேயே எழுதுங்கள். எத்தனை பேர் வருவார்கள், அவர்களில் 30 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்பதையும் குறிப்பிடுங்கள்.